தக்காளி காயா பழமா என்று மட்டும் கேட்காதீர்கள்: தெருவுக்கே ஒரு வினாடி வினா நடத்துவது எப்படி?

"சூப்பர்மேனை உருவாக்கியவர்கள் யார்?" என்று ஒரு கேள்வி. ஜெர்ரி சீகல், ஜோ ஷூஸ்டர் என்பது விடை. கூட்டத்தில் கல்லூரிப் பையன் ஒருவனுக்கு அது தெரிந்திருக்கும், சொல்லிவிடுவான். மற்றவர்கள் கொட்டாவி விடுவார்கள். சொன்னவனுக்கும் அதில் சுகமில்லை. பொது அறிவுப் புத்தகத்தைப் பிரித்து வரிசையாகப் படிக்கிற வினாடி வினாக்கள் அரை மணி நேரத்தில் படுத்துவிடுவது இதனால்தான்.

அதே சூப்பர்மேனை வைத்து இப்படிக் கேட்டுப் பாருங்கள்: "1938இல் முதன்முதலாகக் காமிக்ஸில் வந்தபோது சூப்பர்மேனுக்குப் பறக்கத் தெரியாது. ஊரின் ஒரு மூலையில் திருடன் நுழைந்தால் இன்னொரு மூலையிலிருந்து அவர் எப்படிப் போய்ச் சேருவார்?" பஸ்ஸில் என்பார் ஒருவர். ஓடி என்பான் ஒரு பையன். கொஞ்ச நேரத்தில் யாராவது ஒரு சிறுமி "தாவித் தாவி" என்பாள். அதுதான் விடை. ஒரே தாவலில் எட்டில் ஒரு மைல், அதாவது சுமார் 200 மீட்டர். பறப்பதெல்லாம் பின்னால் கிடைத்த வரம். விடையோடு, சீகலும் ஷூஸ்டரும் அந்தப் பாத்திரத்தின் உரிமையை வெறும் 130 டாலருக்கு விற்றுவிட்டார்கள் என்று ஒரு வரி சேருங்கள். எங்கள் தெருவில் சூப்பர்மேனின் தாவலைவிட அந்த வரிக்குத்தான் பலமாக உச்சுக் கொட்டினார்கள். வியாபாரம் பார்க்கிற ஊர், அப்படித்தான் இருக்கும்.

ஊர் சிவகாசி. நான் ஓர் அச்சகத்தில் மெய்ப்புத் திருத்துகிறவன். காலண்டர், டைரி வேலையெல்லாம் முடிந்து கண்ணுக்குக் கொஞ்சம் ஓய்வு கிடைப்பது பொங்கல் விடுமுறையில்தான். அந்த மாலைகளில் எங்கள் தெரு மொட்டை மாடி ஒன்றில் வினாடி வினா நடத்துவது என் பொறுப்பு. துறைகள் ஐந்து: காய்கறி, பொம்மை, சூப்பர் ஹீரோ, தேவதைக் கதை, விண்வெளிப் படம். அரசியலும் கிரிக்கெட்டும் கிடையாது. அவற்றைத் தொட்டால் மறுநாள் இரண்டு வீட்டுக்காரர்கள் முகம் கொடுத்துப் பேசமாட்டார்கள். இந்த ஐந்தில் யாருக்கும் மானப் பிரச்சினை இல்லை. ஆச்சிக்குக் காய்கறி தெரியும், பேரனுக்கு சூப்பர் ஹீரோ தெரியும், நடுவில் இருக்கிற அப்பா அம்மாவுக்குச் சின்ன வயதில் கேட்ட கதைகள் மிச்சம் இருக்கும்.

கேள்வி கேட்பவர் மனதில் வைக்க வேண்டியது ஒன்றுதான். தெரியாதவரும் யோசித்தால் எட்டிப் பிடிக்கும்படி, கேள்விக்குள்ளேயே விடைக்கு ஒரு வழி விட்டுவைக்க வேண்டும். வழி இல்லாத கேள்வி எவ்வளவு அபூர்வமான தகவலாக இருந்தாலும் கிழித்துப் போட்டுவிடுங்கள்.

அணி பிரித்தல்

அவரவர் விருப்பத்துக்கு விட்டால் கல்லூரிப் பிள்ளைகள் ஓர் அணி, பெரியவர்கள் ஓர் அணி என்று ஆகிவிடும். விடாதீர்கள். ஒவ்வோர் அணியிலும் அறுபது தாண்டிய ஒருவர், பள்ளிக்கூடப் பிள்ளை ஒன்று, வேலைக்குப் போகிற ஒருவர் கட்டாயம். நான்கு அணிகளுக்கு மேல் வேண்டாம். முறை வருவதற்குள் ஆர்வம் வடிந்துவிடும்.

அணித்தலைவர் அந்த அணியிலேயே வயதில் சிறியவராக இருக்கட்டும். விடையை அவர் மட்டுமே சொல்லலாம். இந்த ஒரு விதியில்தான் நிகழ்ச்சியின் உயிரே இருக்கிறது. அண்ணாச்சி ஒருவருக்கு விடை தெரிந்தால் அதை எட்டு வயதுக் குழந்தையின் காதில் சொல்லிப் புரியவைத்தாக வேண்டும். அந்தக் கிசுகிசுப்பைப் பார்ப்பதற்காகவே பக்கத்துத் தெருவிலிருந்து ஆட்கள் வருகிறார்கள்.

காய்கறியை ஆச்சிகளிடம் விட்டுவிடுங்கள்

முதல் சுற்று காய்கறி. வாயால் கேட்பதற்கு முன்னால் கையில் கொடுங்கள். ஒரு தாம்பாளத்தில் முட்டைக்கோஸ், காலிபிளவர், நூல்கோல் மூன்றையும் இலையோடு வையுங்கள். கடையில் இலையைக் கிள்ளிப் போட்டுவிடுவார்கள். முந்தின நாளே சொல்லிவைத்தால் இலையோடு எடுத்து வைப்பார்கள். பிறகு இலைகளை மட்டும் தனியே ஒடித்துக் கலந்து, எந்த இலை எதனுடையது என்று கேளுங்கள். தடித்த நடுநரம்பு, சாம்பல் பூத்த பச்சை, தண்ணீர் பட்டால் ஒட்டாமல் உருண்டு ஓடுகிற மெழுகுப்பூச்சு. மூன்றும் அச்சில் வார்த்ததுபோல் இருக்கும். பிள்ளைகள் திணறுவார்கள். ஆச்சிகள் முகர்ந்துகூடப் பார்ப்பார்கள். அதன் பிறகு உண்மையைச் சொல்லுங்கள்: மூன்றும் ஒரே தாவர இனம். புரோக்கோலியும் அதுதான். இலையைப் பெருக்க வைத்து மனிதன் முட்டைக்கோஸ் ஆக்கினான், தண்டைப் பெருக்க வைத்து நூல்கோல் ஆக்கினான், பூங்கொத்தைப் பெருக்க வைத்து காலிபிளவர் ஆக்கினான். ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகள்.

அடுத்து கிளி. "பச்சை மிளகாயை நாம் கடித்தால் கண்ணில் தண்ணீர் வருகிறது. கிளி பாட்டுக்குத் தின்றுகொண்டே இருக்கிறது. அதற்கு எரியாமல் இருப்பதால் மிளகாய்ச் செடிக்கு என்ன லாபம்?" லாபம் என்ற சொல்லைக் கேட்டதும் பெரியவர்கள் நிமிர்ந்து உட்காருவார்கள். பறவைகளுக்கு அந்தக் காரம் உறைப்பதில்லை. விதையை அவை மென்று நொறுக்காமல் விழுங்கித் தொலைவில் கொண்டுபோய் எச்சமிடுகின்றன. நம்மைப் போன்ற பாலூட்டிகள் விதையையும் சேர்த்து அரைத்துவிடுவோம். நம்மை விரட்டுவதற்கும் பறவையை வரவேற்பதற்கும் ஒரே சரக்கு.

கேரட் நல்ல பொறி. இரண்டாம் உலகப் போரில் பிரிட்டன் தன் விமானிகள் இரவில் எதிரி விமானங்களைச் சுட்டு வீழ்த்துவதற்குக் காரணம் அவர்கள் நிறையக் கேரட் தின்பதுதான் என்று செய்தி பரப்பியது. "எதை மறைக்க அந்தப் புரளி?" ராடாரை. விமானத்துக்குள்ளேயே பொருத்திய ராடார் அப்போது ரகசியம். கண்ணாடி போட்ட பிள்ளைக்குத் தினமும் கேரட் ஊட்டும் அம்மா யாராவது கூட்டத்தில் நிச்சயம் இருப்பார். அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டு விடையைச் சொல்லாதீர்கள்.

இப்போது தக்காளி. காயா பழமா என்று கேட்டால் சண்டை வரும். தாவரவியல் படித்த ஒருவர் பழம் என்பார், சமைக்கிறவர்கள் காய் என்பார்கள், இருவரும் சரி. அதனால் வழக்கை அப்படியே எடுத்துப் போடுங்கள். "1893இல் அமெரிக்க உச்ச நீதிமன்றத்தில் ஒரு வழக்கு. தக்காளி பழம்தான் என்று வாதாடியவர் நியூயார்க்கில் தக்காளி இறக்குமதி செய்த வியாபாரி. இல்லை, காய்கறிதான் என்றது அரசு. வியாபாரிக்கு எதற்கு இந்தத் தாவரவியல் அக்கறை?" எங்கள் தெருவில் இதற்கு யோசிக்கும் நேரமே தேவைப்படவில்லை. கணக்குப் பிள்ளை ஒருவர் உட்கார்ந்த இடத்திலிருந்தே "வரி!" என்று கத்திவிட்டார். அணித்தலைவரைத் தாண்டிக் கத்தியதால் மதிப்பெண் தரவில்லை, அது வேறு. காய்கறிக்கு இறக்குமதி வரி உண்டு, பழத்துக்கு இல்லை. நீதிமன்றம் ஒரே குரலில் அரசு பக்கம் தீர்ப்புச் சொன்னது. ஜனங்கள் தக்காளியைச் சாப்பாட்டோடு சேர்த்துச் சாப்பிடுகிறார்கள், சாப்பிட்டு முடித்தபின் பழமாகச் சாப்பிடுவதில்லை என்பது நீதிபதிகள் சொன்ன காரணம். அடுப்படி ஜெயித்தது.

கேட்கும் ஊரைப் பார்த்துக் கேள்வி எழுதுங்கள்

சூப்பர் ஹீரோ சுற்றில் பையன்கள் மட்டும் அள்ளிக்கொண்டு போவார்கள் என்று பயப்பட வேண்டாம். அதைத் தடுக்க, அந்த ஊர்த் தொழிலின் வழியாகக் கேட்கலாம். என் கைச்சரக்கு ஹல்க். 1962இல் வந்த முதல் இதழில் ஹல்க் பச்சை இல்லை, சாம்பல் நிறம். இரண்டாம் இதழிலேயே பச்சையாகிவிட்டார். "ஏன்?" என்று கேட்டால் வேறு ஊரில் கதைக்குள்ளேயே காரணம் தேடுவார்கள்: விஷம், கதிர்வீச்சு, கோபம். சிவகாசியில் ஆப்செட் இயந்திரம் ஓட்டுகிறவர் சிரித்துக்கொண்டே அணித்தலைவரை அருகில் இழுப்பார். சாம்பல் நிறத்தைப் பக்கத்துக்குப் பக்கம் ஒரே சீராகக் கொண்டுவருவது எவ்வளவு தொல்லை என்று அவருக்குத் தெரியும். அமெரிக்க அச்சகத்திலும் அதேதான் நடந்தது. ஒரு பக்கத்தில் வெளிறி, ஒரு பக்கத்தில் கறுத்து, ஹல்க் பக்கத்துக்கொரு நிறமாக வந்தார். தொல்லை வேண்டாம் என்று பச்சைக்கு மாறினார்கள். நெசவு ஊராக இருந்தால் சாயத்தை வைத்துக் கேளுங்கள், மீனவக் குப்பமாக இருந்தால் கடற்கன்னிக் கதையில் தொடங்குங்கள்.

இங்கே எழுபது வயதுக்காரர்களுக்கும் ஒரு சூப்பர் ஹீரோ இருக்கிறார். 1972இல் இதே சிவகாசியிலிருந்து முத்து காமிக்ஸின் முதல் இதழாக வந்தவர் இரும்புக்கை மாயாவி. பிரிட்டனில் பிறந்த பாத்திரம், ஆனால் இங்கே வளர்ந்தவர்போலவே ஆகிவிட்டார். மின்சாரம் பாய்ந்தால் உடல் மறைந்துவிடும். "அப்போதும் எது மட்டும் தெரியும்?" பெயரிலேயே விடை இருக்கிறது, ஆனாலும் இந்தக் கால இளைஞர்கள் தடுமாறுவார்கள். தாத்தாக்கள் அந்தக் கையைக் காற்றில் அசைத்தே காட்டுவார்கள்.

வொண்டர் உமன் கேள்வியில் வழி விடுவது எளிது. அவரை உருவாக்கிய வில்லியம் மார்ஸ்டன் ஓர் உளவியலாளர். பொய் சொல்லும்போது ரத்த அழுத்தம் ஏறுகிறதா என்று ஆராய்ந்தவர். பொய் கண்டறியும் கருவிக்கு முன்னோடிகளில் ஒருவர். "அப்படிப்பட்டவர் தன் கதாநாயகிக்கு என்ன ஆயுதம் கொடுத்திருப்பார்?" கட்டினால் உண்மையைச் சொல்லவைக்கும் கயிறு. இந்தக் கேள்விக்குப் பிறகு வீட்டுக்கு அப்படி ஒரு கயிறு வேண்டும் என்று மதினிகள் பேசிக்கொள்வதை நிறுத்த ஐந்து நிமிடம் ஆகும். அந்த ஐந்து நிமிடத்தையும் நிகழ்ச்சி நேரத்தில் சேர்த்தே திட்டமிடுங்கள்.

எந்தக் கதை என்று சொல்லிவிட்டுக் கேளுங்கள்

தேவதைக் கதையில் மெய்ப்புத் திருத்துகிறவனின் பிடிவாதம் எனக்கு உதவுகிறது. "சிண்ட்ரெல்லாவின் செருப்பு எதனால் ஆனது?" என்று கேட்டால் கண்ணாடி என்பார்கள். பிரெஞ்சுக்காரர் பெரோ 1697இல் வெளியிட்ட கதையில் கண்ணாடி. ஜெர்மனியின் கிரிம் சகோதரர்கள் சொன்னதில் தங்கம். ஒன்பதாம் நூற்றாண்டுச் சீனக் கதையிலும் தங்கச் செருப்புதான். அதில் தேவதை கிடையாது, மீன்தான் உதவுகிறது. யாருடைய கதை, எந்த ஆண்டு என்பதைக் கேள்வியிலேயே சொல்லிவிட்டால் தகராறுக்கு இடமிருக்காது. கிரிம் கதையில் புறாக்கள் அக்காக்களின் கண்ணைக் கொத்திவிடும். இரவு மொட்டை மாடியில் குழந்தைகளை வைத்துக்கொண்டு அது வேண்டாம்.

டென்மார்க் எழுத்தாளர் ஆண்டர்சன் 1835இல் எழுதிய இளவரசிக் கதை கேட்பதற்கு அருமையானது. இருபது மெத்தை, அதன்மேல் இருபது இறகு மெத்தை, எல்லாவற்றுக்கும் அடியில் ஒரே ஒரு பட்டாணி. உறுத்தித் தூக்கம் வரவில்லை என்றவள் உண்மையான இளவரசி. கதை பலருக்குத் தெரியும். அதனால் முடிவைக் கேளுங்கள்: "கல்யாணத்துக்குப் பிறகு அந்தப் பட்டாணியை என்ன செய்தார்கள்?" குழம்பில் போட்டார்கள் என்றது ஒரு பிள்ளை. நியாயமான பதில், காலித் தீப்பெட்டி ஒன்று ஆறுதலாகக் கொடுத்தேன். அருங்காட்சியகத்தில் வைத்தார்கள் என்பதுதான் கதை.

நம் கதைகளும் வேண்டும். விக்கிரமாதித்தன் கதையில் வேதாளம் எந்த மரத்தில் தொங்கியது என்று தமிழ்க் குழந்தையிடம் கேட்கவே தேவையில்லை, முருங்கை. அதையே, "முருங்கைக் கிளை காற்றடித்தாலே ஒடியும். அதில் வேதாளம் எப்படித் தொங்கியது? சமஸ்கிருதக் கதைத் தொகுப்பான கதாசரித்சாகரத்திலும் முருங்கைதானா?" என்று திருப்பினால் மாடியில் பெரிய ஆராய்ச்சியே நடக்கும். அங்கே அது சிம்சபா மரம். முருங்கை நம் வீட்டுக் கொல்லையில் முளைத்தது.

விண்வெளிப் படமும் பத்து ஒன்பது எட்டும்

இந்தத் துறையில் ‘முதல்’ என்ற சொல்லைக் கண்டாலே பேனாவை எடுத்து அடிக்கோடிடுங்கள். 2018இல் வந்த டிக் டிக் டிக் இந்தியாவின் முதல் விண்வெளிப் படம் என்று விளம்பரம் செய்யப்பட்டது. 1963லேயே எம்.ஜி.ஆரும் பானுமதியும் நடித்த கலை அரசி வந்துவிட்டது. ‘முதல்’ எது என்று கேட்டு மாட்டிக்கொள்வதைவிட, "கலை அரசியில் வேற்றுக் கிரகத்தார் கதாநாயகியை எதற்காகத் தூக்கிக்கொண்டு போனார்கள்?" என்று கேளுங்கள். தங்கள் கிரகத்துக்கு இசை கற்றுக்கொடுக்க. பூமியை அழிக்க வராமல் பாட்டு வாத்தியார் தேடி வந்த வேற்றுக் கிரகத்தார் தமிழ்ப் படத்தில்தான் உண்டு என்று ஒரு மாமா சொன்னார். பொய்யா மெய்யா என்று நான் சரிபார்க்கப் போகவில்லை.

ஜெர்மன் இயக்குநர் ஃபிரிட்ஸ் லாங் 1929இல் நிலாப் பயணம் பற்றி ஒரு படம் எடுத்தார். ராக்கெட் கிளம்புமுன் பின்னோக்கி எண்ணும் வழக்கத்தை உலகத்துக்குப் பழக்கியது அந்தப் படம்தான். "ஏன் ஒன்று, இரண்டு என்று முன்னோக்கி எண்ணவில்லை?" முன்னோக்கி எண்ணினால் எங்கே நிற்கும் என்று பார்ப்பவருக்குத் தெரியாது, பின்னோக்கி எண்ணினால் பூஜ்யத்துக்கு எல்லாரும் மூச்சைப் பிடித்துக்கொள்வார்கள். துணைக் கேள்வி இன்னும் ருசி: அது ஊமைப்படம், எண்ணியது எப்படி? எழுத்தில்தான், திரையில் எண்கள் வந்தன.

இதை அப்படியே நடைமுறைக்கும் எடுத்துக்கொள்ளுங்கள். மணி, விசில் எதுவும் வேண்டாம். யோசிக்கும் நேரத்தின் கடைசிப் பத்து விநாடியை மற்ற அணிகள் எல்லாம் சேர்ந்து பத்து, ஒன்பது என்று எண்ணட்டும். ஓரத்தில் தூங்கும் குழந்தையைத் தவிர எல்லாரும் விழித்திருப்பார்கள்.

கணக்கு விருப்பமுள்ளவர்களுக்கு: 2013இல் வந்த கிராவிட்டி படத்துக்குச் செலவு சுமார் 10 கோடி டாலர். அதே ஆண்டு நவம்பரில் கிளம்பிய மங்கள்யான் செவ்வாய்க்கே போனது. "எது அதிகச் செலவு?" மங்கள்யான் சுமார் 450 கோடி ரூபாய், ஏறத்தாழ 7.4 கோடி டாலர். படம்தான் அதிகம்.

பொம்மைச் சுற்றைத் துணிப்பைக்குள் வையுங்கள்

பொம்மைகளைப் பையில் போட்டுக் கட்டி, தடவிப் பார்த்துப் பெயர் சொல்லச் சொல்லுங்கள். பம்பரம், கிலுகிலுப்பை, லெகோ கட்டை, பல்லாங்குழிச் சோழி. ரூபிக் கனசதுரத்தையும் போடலாம். சதுரத்தைத் தொட்டதும் சொல்லிவிடுவார்கள், ஆனால் அடுத்த கேள்வி காத்திருக்கிறது. 1974இல் அதைச் செய்த ஹங்கேரியின் எர்னோ ரூபிக் அதை முதல்முறை கலைத்துவிட்டுத் திரும்பச் சேர்க்க எவ்வளவு காலம் எடுத்துக்கொண்டார்? சுமார் ஒரு மாதம். கைபேசியில் பார்த்து ஒரு நிமிடத்தில் சேர்க்கிற பையன்கள் அன்றைக்கு ரூபிக்கைப் பார்த்துச் சிரிப்பார்கள். சிரிக்கட்டும்.

தஞ்சாவூர்த் தலையாட்டி பொம்மையைப் பைக்குள் போடாமல் மேசையில் வையுங்கள். தள்ளிவிட்டால் ஏன் எழுகிறது என்பது பள்ளிக்கூடக் கேள்வி. "இதை எழாமல் செய்ய, பொம்மையை உடைக்காமல் என்ன செய்யலாம்?" என்று கேட்டால் தலையில் கனமான எதையாவது ஒட்டலாம் என்று பிள்ளைகளே புவியீர்ப்பு மையத்தைக் கண்டுபிடித்துவிடுவார்கள்.

கலப்புச் சுற்று

இதைக் கடைசிக்கு முந்தின சுற்றாக வைப்பது என் வழக்கம். இரண்டு துறைகள் ஒன்றை ஒன்று தொடுகிற இடத்தில் எழும் கேள்விகள் மட்டும். தயாரிப்பு நேரத்தில் பாதியை இதற்கே கொடுங்கள்.

காய்கறியும் தேவதைக் கதையும்: "ஒரு கர்ப்பிணிக்கு மசக்கை. பக்கத்துத் தோட்டத்துக் கீரைமீது ஆசை. புருஷன் சுவரேறிக் குதித்துத் திருடிவந்து கொடுக்கிறான். இரண்டாம் முறை பிடிபடுகிறான். தோட்டக்காரி ஒரு சூனியக்காரி. கீரைக்கு விலையாகப் பிறக்கும் குழந்தையைக் கேட்டு வாங்கி, அந்தக் கீரையின் பெயரையே வைக்கிறாள். யார் அந்தக் குழந்தை?" ரபுன்செல். நீளக் கூந்தல் கோபுரக்காரி. 2010இல் வந்த படத்தில் கீரையைத் தூக்கிவிட்டு மாயப் பூ ஒன்றை வைத்துவிட்டார்கள். அதனால் படம் மட்டும் பார்த்தவர்கள் பரிதவிப்பார்கள். மசக்கை என்றதும் பெண்கள் பக்கம் ஒரு பேச்சு கிளம்பும்: யார் யாருக்கு எது பிடித்தது, சாம்பலா, மாங்காயா, பல்பமா என்று. அந்தப் பேச்சுக்குள்ளேயே விடை தெரிந்த பிள்ளை கையைத் தூக்கிக்கொண்டு நிற்கும். கவனியுங்கள்.

பொம்மையும் விண்வெளிப் படமும்: 1977இல் ஸ்டார் வார்ஸ் ஓடுகிறது, கிறிஸ்துமஸ் வருகிறது, பொம்மைகள் தயாராகவில்லை. "கென்னர் நிறுவனம் அந்தக் கிறிஸ்துமஸுக்குக் கடையில் எதை விற்றது?" பொம்மை இல்லாத பெட்டியை. உள்ளே ஒரு சான்றிதழ்; அதைத் தபாலில் அனுப்பினால் அடுத்த ஆண்டு நான்கு பொம்மைகள் வரும். வாங்கினார்கள்! தீபாவளிக்கு இப்படிச் செய்து பார்க்கலாமே என்று பட்டாசுக் கடைக்காரர் ஒருவர் யோசித்ததை நான் பார்த்தேன்.

பொம்மையும் நிஜ விண்வெளியும்: 2011இல் கிளம்பி 2016இல் வியாழனை அடைந்த ஜூனோ விண்கலத்தில் மூன்று லெகோ பொம்மைகள் இருக்கின்றன. ரோமானியக் கடவுள் ஜூபிடர், அவர் மனைவி ஜூனோ, மூன்றாமவர் கையில் தொலைநோக்கி. "மூன்றாமவர் யார்? மூன்றையும் பிளாஸ்டிக்கில் செய்யாமல் எதில் செய்தார்கள்?" வியாழனின் நிலவுகளைக் கண்ட கலிலியோ, விண்வெளியைத் தாங்கும் அலுமினியம்.

காய்கறியும் விண்வெளிப் படமும்: 2015இல் வந்த தி மார்ஷியன் படத்தில் செவ்வாயில் தனியே மாட்டிக்கொண்டவர் உருளைக்கிழங்கு பயிரிடுகிறார். "உரத்துக்கு எங்கே போனார்?" விண்வெளி வீரர்களின் மலம்தான் உரம். இந்தக் கேள்வியைக் கலப்புச் சுற்றின் கடைசியில் வையுங்கள். அதன் பிறகு பிள்ளைகள் சிரிப்பை நிறுத்தி வேறு எதையும் கேட்க மாட்டார்கள். சிரிப்பு அடங்கியதும், செவ்வாய் மண்ணில் பெர்குளோரேட் என்னும் நச்சுப்பொருள் இருப்பதை 2008இல் ஃபீனிக்ஸ் கலம் கண்டது, அதைக் கழுவாமல் அங்கே விளைவதைத் தின்ன முடியாது என்று விவசாயம் தெரிந்த பெரியவர் யாரையாவது பார்த்துச் சொல்லுங்கள். உப்பு நிலத்தை எப்படிச் சரிசெய்வது என்று அவர் தொடங்கிவிடுவார்.

சில நடைமுறைகள்

கேள்விகளைத் தாளில் எழுதி வைத்துப் படியுங்கள். மனப்பாடமாகச் சொன்னால் இரண்டாம் முறை சொல்லும்போது வார்த்தை மாறும். மாறினால் ஓர் அணி கட்டாயம் ஆட்சேபம் சொல்லும். அச்சகத்தில் காகிதம் வெட்டும்போது மிஞ்சும் ஓரத்துண்டுகள் எனக்கு இதற்குப் போதும். ஒரு பக்கம் கேள்வி, மறுபக்கம் விடை, விடைக்குக் கீழே சொல்ல வேண்டிய ஒரே ஒரு உபரி வரி. உபரி வரி இரண்டானால் பிரசங்கம்.

கைபேசியில் சுற்றிவரும் ‘உங்களுக்குத் தெரியுமா’ வகைச் செய்திகளை நம்பி எதையும் எடுக்காதீர்கள். ஒன்றையொன்று பார்த்து எழுதாத இரண்டு நூல்களில் இருந்தால் மட்டும் எழுதுங்கள். நிலாவிலிருந்து சீனப் பெருஞ்சுவர் தெரியும் என்று இன்னமும் கேட்கிறார்கள். தெரியாது.

மதிப்பெண்ணுக்குக் கரும்பலகை வேண்டாம். கையில் பிடிக்கிற பொருள் கொடுங்கள். எங்கள் ஊரில் காலித் தீப்பெட்டி. சரியான விடைக்கு இரண்டு, பாஸ் ஆகி வந்த கேள்விக்கு ஒன்று. பிள்ளைகள் அவற்றைக் கோபுரமாக அடுக்குவார்கள், எந்த அணி முன்னால் நிற்கிறது என்பது மாடியின் கடைசி வரிசைக்கும் தெரியும். நடுவராக ஓய்வுபெற்ற தலைமையாசிரியை ஒருவரை உட்கார வையுங்கள். கேள்வி கேட்பவரே தீர்ப்பும் சொன்னால் எடுபடாது. டீச்சர் சொன்னால் அவரிடம் படித்த அப்பாக்கள் வாயைத் திறக்கமாட்டார்கள்.

இரண்டு அணிகள் சமமாக நின்றால் சரியான விடை யாருக்குமே தெரிய வாய்ப்பில்லாத ஒரு கேள்வி வேண்டும். இந்த ஒரு இடத்தில் மட்டும் ஊகமே போதும். நான் வைத்திருப்பது லெகோ. எட்டுக் குமிழ் உள்ள ஒரே நிறக் கட்டைகள் இரண்டை 24 விதமாகச் சேர்க்கலாம் என்று கட்டையைக் கையில் வைத்துக் காட்டிவிட்டு, "ஆறு கட்டைகளை எத்தனை விதமாகச் சேர்க்கலாம்?" என்று கேளுங்கள். இரு அணியும் தாளில் எண்ணை எழுதி மடித்து டீச்சரிடம் கொடுக்க வேண்டும். ஐந்நூறு என்பார்கள், துணிச்சல்காரர் பத்தாயிரம் என்பார். விடை 91,51,03,765. பெரிய எண்ணை எழுதிய அணிக்குக் கோப்பை. இரண்டும் ஒரே எண்ணாக இருந்தால் டீச்சரே ஒரு கேள்வி கேட்பார், அதற்கு நான் பொறுப்பில்லை.